மேல்மாடியில் வீடு, கடலோரத்தில் கம்ப்மான்: எதைப் பார்த்துக் கட்டலாம்?

நம் மொரீஷியஸின் போ பாசினில் அப்பா கட்டிய வீட்டின் மேல்தளத்தில் தன் குடும்பத்துக்கு வீடு எழுப்பப்போகும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பின்னால் காசு சேர்ந்தால் கடலோரத்தில் விடுமுறைக்கு ஒரு சின்ன கம்ப்மானும், அதாவது கடற்கரைக் குடிலும், கட்ட ஆசையாம். பாலித் தீவு, கிரீஸ், கலிபோர்னியா என்று ஏகப்பட்ட வீட்டுப் படங்களைப் போனில் சேர்த்து வைத்திருக்கிறார். அவருக்குப் பிடித்தது மனைவிக்குப் பிடிப்பதில்லை. எந்த மாதிரி வீடுகளை முன்மாதிரியாக எடுத்துக்கொள்வது, உள் அலங்காரத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பது கேள்வி.

தம்பி, படங்களை அழிக்க வேண்டாம். ஆனால் அவற்றில் உங்கள் கண்ணைப் பிடித்து நிறுத்துவது எது என்று ஒருமுறை பாருங்கள். பத்தில் ஏழு படத்தில் ஆழமான நிழல் இருக்கும், பக்கவாட்டிலிருந்து வரும் மெல்லிய வெளிச்சம் இருக்கும், அதற்கு அப்பால் கொஞ்சம் பச்சை தெரியும். சோபாவையும் விளக்கையும் அப்புறம்தான் கவனிப்போம். இந்த மூன்றையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. நம் தீவில் இவற்றைக் கொடுப்பது வராங், அதாவது வீட்டை ஒட்டிக் கூரை போட்ட திறந்த தாழ்வாரம். அதனால் என் பதில் சுருக்கமாக இதுதான்: வராங்கை முதலில் வரையுங்கள், வீட்டை அதன் பின்னால் வையுங்கள், அலங்காரத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் மோக்காவில் இருக்கும் யுரேக்காவுக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். 1830-களில் கட்டிய மர வீடு. 1856-இல் லெ கிளெசியோ குடும்பத்தின் கைக்கு வந்தது. 2008-இல் இலக்கியத்துக்கான நோபல் வாங்கிய எழுத்தாளரின் குடும்பம்தான். இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது, டிக்கெட் வாங்கினால் உள்ளே விடுவார்கள். 109 கதவு ஜன்னல்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். எண்ணிக்கையை விட்டுவிடுங்கள், அவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஒரு கதவுக்கு நேர் எதிரே இன்னொரு கதவு. நடுக்கூடத்தில் நின்றால் மலைப்பக்கத்துக் காற்று ஒரு வாசலில் நுழைந்து இன்னொரு வாசலில் வெளியேறுவது தெரியும். மின்விசிறி என்பதே இல்லாத காலத்தில் கட்டிய வீடு அது.

அதைவிட முக்கியம், சுவர்களைப் பாருங்கள். வெயில் நேராகச் சுவரைத் தொடவே விடாமல் வராங் வீட்டைச் சுற்றி வருகிறது. நாற்காலியில் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, அவருக்குப் பின்னால் இன்னொருவர் தட்டோடு நடந்து போக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அகலத்தை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு அங்கிருந்து எடுத்து வரவேண்டிய ஒரே பொருள் அந்த அளவுதான்.

அடுத்தது மாப்புவில் உள்ள லபூர்தொனே மாளிகை. 1859-இல் முடிந்தது, தேக்கு மரத்தில் கட்டியது, பெரிய பழுதுபார்ப்புக்குப் பிறகு 2010-இல் மக்களுக்குத் திறந்தார்கள். உங்களுக்கு அதில் பயன்படுவது ஒன்று: மேல்தளத்திலும் தூண் வைத்த வராங் உண்டு. மாடி வீடு என்றால் வராங் கிடையாது, பால்கனிதான் என்று நம் கொந்த்ராக்தர்கள் (கட்டட ஒப்பந்தக்காரர்கள்) சொல்லும்போது இதைக் காட்டலாம்.

இவையெல்லாம் கரும்புத் தோட்ட முதலாளிகளின் வீடுகள்தானே, நம் தாத்தா பாட்டி அந்த வராங்கில் உட்கார்ந்ததா உண்டு என்று உங்கள் அப்பா கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரும்பாலானவர்கள் கரும்புக்காட்டில்தான் நின்றார்கள். ஆனால் பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே கல்லையும் மரத்தையும் வைத்துக் கட்டியவர்களில் புதுச்சேரியிலிருந்து வந்த கொத்தனார்களும் தச்சர்களும் உண்டு. வராங் முதலாளியின் சொத்து என்று நான் நினைக்கவில்லை. ரோஸ் ஹில், மாஏபூர்க் சந்துகளில் இன்னும் மிஞ்சியிருக்கும் சின்ன மர வீடுகளைப் பாருங்கள். இரண்டே அறைதான் இருக்கும், ஆனாலும் தெருவைப் பார்த்து ஒரு வராங் இருக்கும். கூரை விளிம்பில் தொங்கும் அந்தப் பல்வரிசை வேலைப்பாடு, லாம்பிரகேன், வெறும் அழகுக்கு வைத்ததில்லை. கூரையில் வழியும் தண்ணீர் பின்னோக்கி ஓடிச் சுவரை நனைக்காமல், ஒவ்வொரு முனையிலும் சொட்டாக விழுந்துவிடும். கண் கூசும் வெளிச்சத்தையும் கொஞ்சம் அடக்கும். இன்று பிளாஸ்டிக்கில் வெட்டி கான்கிரீட் சுவரின் நடுவில் ஒட்டுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

பக்கத்துத் தீவான ரீயூனியனில் உறவினர் இருந்தால், சலாசியில் மலைக்கு மேல் இருக்கும் எல்-பூர் ஊரையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். தெரு மூலையில் மதிலோடு சேர்ந்து ஒரு குட்டி மண்டபம் இருக்கும், கெத்தாலி என்பார்கள். வீட்டுப் பெண்கள் அதில் உட்கார்ந்து தெருவில் போவோர் வருவோரைப் பார்ப்பார்களாம். நம் ஊர்த் திண்ணை செய்த வேலை.

சரி, இவ்வளவு நல்ல வீடுகள் இருந்த ஊரில் ஏன் எல்லோரும் கான்கிரீட் பெட்டிக்குள் போனோம்? 1960-தான் காரணம். அந்த வருடம் ஜனவரியில் அலிக்ஸ் புயல், பிப்ரவரி கடைசியில் கரோல். கரோலின் காற்று மணிக்கு 256 கி.மீ. வேகத்தைத் தொட்டது. மரச்சுவரும் தகரக் கூரையும் ஓலைக் கூரையுமாக இருந்த பல்லாயிரம் வீடுகள் போயின. அதற்குப் பிறகு அரசும் கான்கிரீட்டில் கட்டியது, மக்களும் கான்கிரீட்டைத் தவிர வேறு எதையும் நம்பவில்லை. கரோலில் தப்பியவர்களின் பிள்ளைகளிடம் போய் மரக்கூரை அழகு என்று சொன்னால் கேட்க மாட்டார்கள். கேட்கவும் வேண்டாம். தட்டைக் கான்கிரீட் கூரை உயிரைக் காப்பாற்றியது. அதன் குறை என்னவென்றால், வராங்கையும் கூரைச் சரிவையும் சேர்த்தே தூக்கி எறிந்துவிட்டோம். புயலைத் தாங்கப் பெட்டி வேண்டும்தான். மிச்ச நாளெல்லாம் அந்தப் பெட்டிக்குள் வேகவேண்டும் என்பது விதி இல்லை.

உங்கள் கட்டட வேலைக்கு வருவோம். அப்பாவின் கூரையிலிருந்து தம்பிக்கும் அண்ணனுக்குமாக நீட்டிவிட்ட இரும்புக் கம்பிகள் இருக்கும். நம் ஊரில் எந்த வீட்டில்தான் இல்லை. வருடக்கணக்கில் மழையில் நின்ற கம்பி துரு ஏறியிருக்கும், அந்தத் துரு தூணுக்குள்ளும் கொஞ்ச தூரம் இறங்கியிருக்கும். படம் வரைவதற்கு முன் ஒரு இன்ஜினியரை வைத்து அஸ்திவாரத்தையும் தூணையும் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். சுத்தியால் தட்டிப் பார்த்துவிட்டு 'எல்லாம் சரி' என்று சொல்லும் ஆளை நம்பாதீர்கள். தாங்கும் சக்தி குறைவு என்று வந்தால் மேல்தளத்தை இலகுவாகக் கட்டலாம்: எஃகுச் சட்டம், மெல்லிய சுவர், தகரக் கூரை. அதிலும் நல்ல வீடுகள் வருகின்றன.

மேலே இன்னொரு தட்டைக் கூரைதான் போடப்போகிறீர்கள் என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 15 செ.மீ. கான்கிரீட் வெயிலை வாங்கி உள்ளே கடத்த ஏறக்குறைய நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மத்தியானம் ஒன்று இரண்டு மணிக்கு மேலே காய்ந்தது மாலை ஐந்து ஆறுக்குக் கீழே இறங்கும், பிள்ளைகள் தூங்கப்போகும் நேரம்வரை அது நிற்காது. ஜனவரி இரவில் மாடி அறைச் சுவரிலும் கூரையிலும் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அப்புறம் ஏசி வாங்குகிறோம், அது கூரையோடு விடிய விடியச் சண்டை போடுகிறது.

செய்ய வேண்டியவை மூன்று, செலவு வரிசையில் சொல்கிறேன். மலிவானது வெள்ளைப் பூச்சு. வெறும் சிமென்ட் நிறத் தளம் தன்மேல் விழும் வெயிலில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கும். நல்ல வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சு புதிதாக இருக்கும்போது ஐந்தில் ஒரு பங்குதான் விழுங்கும். அழுக்குப் படிந்தால் பலன் குறையும், அதனால் கழுவ வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். நீர் கசியாமலிருக்க எப்படியும் எதாங்ஷெய்த்தே என்னும் நீர்த்தடைப் பூச்சு அடிக்கத்தானே போகிறீர்கள், வெள்ளையாக வாங்குங்கள். கறுப்புத் தாரை அப்படியே விட்டுவிடாதீர்கள். அடுத்தது, தளத்துக்கு மேலே வெப்பத்தடைப் பலகை போட்டு மூடுவது. மேலே என்று அழுத்திச் சொல்கிறேன். அறைக்குள் ஜிப்சம் கூரை தொங்கவிட்டு அதற்குள் பஞ்சு அடைப்பது பாதி வேலைதான், கான்கிரீட் அப்போதும் வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. கான்கிரீட் தளத்துக்கு மேல் சரிவான தகரக் கூரை, நடுவில் காற்று ஓடும் இடைவெளி. வெயிலைத் தகரம் வாங்கிக்கொள்ளும், இடைவெளியில் சூடான காற்று வெளியேறிவிடும், கான்கிரீட் நிழலில் நிற்கும். புயலில் தகரம் போனால்கூட அடியில் தளம் இருக்கிறது, குடும்பம் பத்திரம். ஆனால் தகரத்தைக் கல் வைத்து நிறுத்துவது, கம்பியால் கட்டுவது எல்லாம் கொலைக்குச் சமம். பறக்கும் தகரம் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். சட்டங்களைத் தளத்தோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இரண்டு பக்கம் மட்டும் சரியும் கூரையைவிட நான்கு பக்கமும் சரியும் கூரை காற்றைத் தாங்கும். வராங்கின் கூரையை முதன்மைக் கூரையோடு ஒரே துண்டாக நீட்டாமல் தனியாக வையுங்கள். அடியில் காற்று புகுந்து வராங்கின் கூரையைக் கிழித்தாலும் வீட்டுக் கூரையைச் சேர்த்து இழுத்துக்கொண்டு போகாது.

வராங் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம்? இங்கேதான் தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்துக் குழம்புகிறார்கள். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 டிகிரியில் இருக்கிறோம். நமக்குச் சூரியன் வருடத்தின் பெரும்பகுதி வடக்கே சாய்ந்து போகும். தெற்கு ஜன்னல் வெயிலைப் பற்றிச் சென்னைக்காரர் சொல்வதை இங்கே வடக்கு ஜன்னலுக்குத்தான் பொருத்த வேண்டும். ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடக்கு வானத்தில் சுமார் 46 டிகிரி உயரத்தில் நிற்கும். டிசம்பரில் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே. வடக்கே மூன்று மீட்டர் ஆழத்தில் வராங் வைத்து, அதன் கூரை விளிம்பை 2.4 மீட்டர் உயரத்தில் நிறுத்தினால், ஜூன் நண்பகல் வெயில் விளிம்பிலிருந்து உள்ளே இரண்டேகால் மீட்டர்வரை வரும், சுவரைத் தொடாது. குளிர்காலத்தில் பாட்டி அங்கே வெயில் காயலாம், கோடையில் பிள்ளைகள் அதே இடத்தில் நிழலில் விளையாடலாம்.

ஒரு மீட்டர் பால்கனி என்பது துணி காயப்போடும் இடம். அதற்கு வராங் என்று பெயர் வைத்து விற்பனை விளம்பரத்தில் போடுகிறார்கள், அது வேறு விஷயம். இரண்டரை மீட்டருக்குக் குறைந்தால் மேஜை போட்டுச் சாப்பிட முடியாது, மழை பெய்தால் உள்ளே ஓட வேண்டும். அறையைச் சுருக்கியாவது வராங்கை அகலமாக்குங்கள்.

மேற்குதான் எதிரி. மூன்று மணிக்கு மேல் வெயில் தாழ்வாக வந்து எந்தக் கூரை நீட்டலுக்கும் அடியில் நுழைந்துவிடும். போ பாசின் சரிவே மேற்கைப் பார்த்தது, கடலும் அந்திச் சூரியனும் தெரியும், அந்தக் காட்சிக்காகப் பெரிய கண்ணாடி வைக்க ஆசை வரும். வையுங்கள், ஆனால் ஒரே இடத்தில், வெளிப்பக்கம் மரக் கதவுத் தட்டியோடு. மிச்ச மேற்குச் சுவரில் மாடிப்படி, குளியலறை, சாமான் அறை என்று நிறுத்துங்கள். எழுபதுகளில் நம் வீடுகளில் ஓட்டை வைத்த சிமென்ட் கட்டைகளை, கிளொஸ்த்ரா என்பார்களே, சுவராக அடுக்கினார்கள். அப்புறம் பழசு என்று உடைத்தார்கள். கேரளாவில் லாரி பேக்கர் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி இதே காரியத்தைச் செய்து உலகப் புகழ் பெற்றார். மேற்குப் பக்கப் படிக்கட்டுக்குக் கிளொஸ்த்ராவைவிடப் பொருத்தமானது எதுவும் எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு எல்லையை ஒட்டித் திறப்பு வைக்கச் சட்டம் உண்டு, நகராட்சியில் கட்டட அனுமதி கேட்கும்போதே அதையும் கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டு முன்மாதிரி ஒன்றாவது வேண்டும் என்றால் பாலியை விட்டுவிட்டு இலங்கையைப் பாருங்கள். ஜெஃப்ரி பாவா மதுரையிலும் சென்னையிலும் வேலை செய்தவர், எழுபதுகளில் நம் பெரேபெரிலேயே ஒரு வீடு வடிவமைத்தவர். கொழும்பில் 33-ஆவது லேனில் அவர் குடியிருந்த 11-ஆம் எண் வீடு, வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி இணைத்தது. நெருக்கமான நகரச் சந்து, நாலு பக்கமும் அடுத்தவர் சுவர், உங்கள் நிலைமைதான். அவர் என்ன செய்தார்? வெளியே ஜன்னல் திறக்க வழி இல்லாத இடத்தில் வீட்டுக்குள்ளேயே வானத்தைத் திறந்துவிட்டார். சின்னச் சின்ன முற்றங்கள், ஒன்றில் ஒரு மரம், இன்னொன்றில் கொஞ்சம் தண்ணீர். வெள்ளைச் சுவரில் அந்த வெளிச்சம் விழுந்து திரும்பும்போது அலங்காரமே தேவைப்படாது.

மேல்மாடியில் முற்றமா என்று கேட்காதீர்கள். இரண்டு மீட்டருக்கு மூன்று மீட்டர் இடத்தைக் கூரை போடாமல் விட்டால் போதும், தொட்டியில் செடி வைக்கலாம். ஆனால் நம் மழை எப்படிப்பட்டது என்று 2024 ஜனவரியில் பெலால் புயல் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை அடித்துக்கொண்டு போனபோது பார்த்தோம். முற்றத்துக்கு இரண்டு வடிகால் வையுங்கள், ஒன்று இலை அடைத்தால் மற்றது வேலை செய்யும். தரையை அறைகளைவிட ஒரு படி தாழ்த்துங்கள். குளம், தாமரைத் தொட்டி வேண்டாம். 2006 சிக்குன்குனியாவில் மூட்டு வலியோடு கிடந்தவர்கள் யாரும் வீட்டுக்குள் கொசு வளர்க்க மாட்டார்கள்.

இனிக் கம்ப்மான். எனக்கு இந்தப் பேச்சுதான் இஷ்டம். 1867-இல் போர்ட் லூயிஸை மலேரியா சூறையாடிய பிறகு வசதியுள்ளவர்கள் மேட்டு நிலத்துக்கு ஏறினார்கள், கியூர்பிப் பெரிய ஊரானது. சுமார் 550 மீட்டர் உயரம், தூறல், குளிர். அங்கிருந்து விடுமுறைக்குக் கடலுக்கு இறங்கி வரும்போது தங்கக் கட்டிய குடில்தான் கம்ப்மான். விசிறி வாழையின் தண்டைப் பிளந்து சுவர், பிலாவோ (சவுக்கு) மரக்கம்பு, கரும்புச் சோகையோ வெட்டிவேர்ப் புல்லோ வேய்ந்த கூரை, சிமென்ட் தரை. அறைகள் படுக்க மட்டும். பகல் முழுக்க எல்லோரும் வராங்கில். பின்னாளில் மொரிஸ் ஜிரோ, ஜான்-மார்க் எய்னோ போன்ற கட்டடக் கலைஞர்கள் இந்த ஓலைக் கூரையையும் தாழ்ந்த விளிம்பையும் எடுத்துத்தான் நம் ஹோட்டல்களுக்கு ஒரு முகம் கொடுத்தார்கள். சுற்றுலாப் பயணி பணம் கொடுத்து வந்து அனுபவிப்பது கம்ப்மானின் பெரிதாக்கிய வடிவத்தைத்தான். நாம் கடற்கரையில் கண்ணாடிப் பெட்டி கட்டுகிறோம்.

நிலம் பார்க்கும்போது முதல் கேள்வி அழகு பற்றி இருக்கக் கூடாது. கடல் விளிம்பிலிருந்து 81.21 மீட்டர்வரை உள்ள பட்டை, பா ஜெயோமெத்ரிக், அரசு நிலம். அதில் குத்தகைதான் கிடைக்கும், சொந்தம் ஆகாது. குத்தகை எப்போது முடிகிறது, யார் பெயரில் மாற்றலாம், தண்ணீரிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டச் சொல்கிறார்கள் என்பதைப் பத்திரம் எழுதும் நொத்தேரிடம் உட்கார்ந்து கேளுங்கள். நம் பட்ஜெட்டுக்கு இரண்டாவது வரிசை நிலமே போதும் என்பேன். கடல் நடந்து போகும் தூரம், உப்பும் குறைவு, அலை அரித்துப்போகும் பயமும் குறைவு.

எந்தக் கடற்கரை என்பதைப் பொறுத்து வீடே மாறும். தென்கிழக்கே புவான்த் தெனி, புளூ பே பக்கம் குளிர்காலம் முழுக்கத் தென்கிழக்குக் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். கடலைப் பார்த்த வராங் மட்டும் வைத்தால் ஜூலையில் அங்கே உட்கார முடியாது, மேஜை விரிப்பு பறக்கும். வீட்டுக்குப் பின்னால், காற்று மறைவில் இன்னொரு சின்ன வராங் வேண்டும். அல்பியோன், ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கம் இதற்கு நேர் எதிர். மேட்டு நிலம் அந்தக் காற்றைத் தடுத்துவிடும், பிற்பகலில் கடற்காற்று கொஞ்சம் வரும், வெயில் முழுக்க மேற்கிலிருந்து. அங்கே கடலைப் பார்ப்பதும் மேற்கைப் பார்ப்பதும் ஒன்று. அதனால் ஆழமான வராங்கோடு, விளிம்பில் மரத் தட்டியோ பாதாம் மரமோ இல்லாமல் தப்ப முடியாது. நிலத்தில் ஏற்கெனவே நிற்கும் மரத்தை வெட்டிவிட்டு வீடு கட்டுபவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். பத்து வருட நிழலை ஒரு காலையில் அறுத்துத் தள்ளுகிறார்கள்.

பொருள்கள் விஷயத்தில் கடலோடு விவாதம் செய்யாதீர்கள். சாதாரணக் கீல், தாழ்ப்பாள், நாசூக்கான கறுப்பு இரும்புப் படிக்கட்டு எல்லாம் சில வருடத்தில் செதில் செதிலாக உரியும். 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு விலை அதிகம்தான், ஆனால் எண்ணிக்கையைக் குறைத்து அதையே வாங்குங்கள். உட்காரும் இடங்களைச் சுவரோடு சேர்த்துக் கல்லில் கட்டிவிடலாம், மேலே மெத்தை போட்டால் போதும். அதைத் திருடவும் முடியாது, புயல் எச்சரிக்கை வந்தால் உள்ளே இழுக்கவும் வேண்டாம். வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் பெரிய நோய் பூஞ்சணம். அந்திவோல் என்னும் திருட்டுத் தடுப்புக் கம்பி, கதவு எல்லாம் மூடியிருந்தாலும் கூரையின் அடியில் வலை போட்ட காற்றுத் துளைகள் திறந்தே இருக்க வேண்டும், எதிரும் புதிருமாக. துணி அலமாரிக்கும் தட்டிக் கதவு வையுங்கள். மரம் என்றால் கறையான் மருந்து ஊறியதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஓலை வேயலாமா? வராங்குக்கு மட்டும் என்றால் சரி. வீடு முழுக்க வேண்டாம். தீ, எலி, சில வருடத்துக்கொருமுறை புதுப்பிக்கும் செலவு, எல்லாவற்றையும்விட நல்ல வேய்ச்சல்காரர் கிடைப்பதே கஷ்டம்.

உள் அலங்காரத்துக்குக் கடைசியில் வருகிறேன், அங்கேதான் சீக்கிரம் முடித்துவிடலாம். சமையலறை, அலமாரி, குளியலறை தவிர வேறு எதற்கும் முதல் கோடை முடியும்வரை பணம் ஒதுக்காதீர்கள். எந்த மூலையில் எல்லோரும் தானாகப் போய் உட்காருகிறார்கள் என்று தெரிந்த பிறகு நாற்காலி வாங்கலாம்.

தரைக்குப் பளபளக்கும் பெரிய டைல்ஸ் வேண்டவே வேண்டாம். ஈரக்காலோடு நுழையும் ஊர் இது. ஆத்தங்குடிக் கல் கொண்டுவரலாமா என்று பலர் கேட்கிறார்கள். கண்ணாடியின் மேல் நிறச் சிமென்ட் ஊற்றிக் கையால் செய்யும் கல் அது, நடக்க நடக்கத்தான் மெருகேறும், அமிலம் பட்டால் கெடும். கப்பல் செலவு, உடைசல் எல்லாம் சேர்த்தால் ஒரு சாமி அறைக்கோ நடுக்கூடத்தில் ஒரு பட்டைக்கோ மட்டும் வாங்குவது புத்திசாலித்தனம். மிச்ச இடத்துக்கு நம் பாட்டிமார் வீட்டுச் சிவப்புச் சிமென்ட் தரை போதும். மெழுகு போட்டுத் தேங்காய் மட்டைப் பிரஷ்ஷைக் காலால் தேய்த்து மினுக்குவார்களே, அந்தத் தரை. இன்று அதைச் சரியாகப் போடத் தெரிந்த கொத்தனார் குறைவு, பூச்சு ஒரே நாளில் முடியாவிட்டால் திட்டுத் திட்டாக நிறம் மாறும், வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும். ஆளைத் தேடிப் பிடித்து, அவர் போட்ட ஒரு தரையை நேரில் பார்த்த பிறகு கொடுங்கள்.

ஜன்னலுக்கு நாக்கோவை, அதாவது சாய்த்துத் திறக்கும் கண்ணாடிப் பட்டைகளை, கேவலமாக நினைக்காதீர்கள். இழுக்கும் அலுமினியக் கண்ணாடி ஜன்னல் எப்போதும் பாதிதான் திறக்கும். நாக்கோ முழுவதும் திறக்கும், தூறலிலும் திறந்து வைக்கலாம். புயலுக்கு வெளியே பலகைக் கதவு போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். உள் கதவுகளுக்கு மேலே ஒரு தட்டித் திறப்பு வைத்தால் கதவை மூடித் தூங்கும்போதும் காற்று ஓடும்.

சுவருக்கு வெள்ளை. ஒரே ஒரு சுவரைக் கருங்கல்லில் விடலாம், தீவே எரிமலைக் கல்தானே. ஆனால் கல் மாதிரி அச்சடித்த டைல்ஸை ஒட்டுவதற்குப் பதில் ஒன்றும் செய்யாமலே விட்டுவிடலாம். லகூன் மணலை அள்ளுவது 2001-இல் நின்ற பிறகு நம் சிமென்ட் பூச்சு எல்லாம் ராக்சாண்ட் என்னும் நொறுக்கிய கருங்கல் மணலில்தான். கொஞ்சம் கரடுமுரடாக வரும், அதை வழுவழுப்பாக்கச் செலவு செய்யாமல் அப்படியே வெள்ளை அடித்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் நன்றாக இருக்கும். பிரம்பு பின்னிய பழைய நாற்காலிகள் சித்தப்பா வீட்டுக் கராஜில் கிடக்கும், கேட்டு வாங்கிப் புதுப்பியுங்கள்.

வீட்டுப் படம் வரைபவர்கள் வழக்கமாக மறக்கும் சில விஷயங்களும் இருக்கின்றன. சாமி அறையில் கற்பூரப் புகை வெளியேற உயரத்தில் ஒரு திறப்பு. விருந்துக்கு ஏழு கறி சமைக்கும் நாளில் உள் சமையலறை போதாது, பெரிய தேக்சாப் பாத்திரமும் விறகும் வைக்க வெளியே ஒரு கூரை, ஒரு தண்ணீர்க் குழாய். உங்கள் தங்கை கல்யாணத்துக்குச் சால் வேர்த் என்னும் பந்தலை எங்கே போடுவீர்கள் என்று இப்போதே முற்றத்தில் அளந்து வையுங்கள், கார் நிறுத்த எல்லா இடத்தையும் சிமென்ட் போட்டு மூடாதீர்கள். கூரை மேல் தண்ணீர்த் தொட்டியும் சூரிய ஹீட்டரும் வந்தே தீரும், அவற்றை மறைக்கவும் கட்டி நிறுத்தவும் படத்திலேயே இடம் வேண்டும். இல்லையென்றால் அழகான வீட்டின் தலையில் நீலத் தொட்டி உட்கார்ந்திருக்கும்.

வரைபடம் கையில் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதில் வடக்கு எந்தப் பக்கம் என்ற அம்புக்குறியும், வராங்கின் ஆழம் மீட்டர் கணக்கிலும், கூரைச் சட்டத்துக்கான போல்ட் விவரமும் இல்லையென்றால், அதை வரைந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி கேட்டு வாங்குங்கள்.